மூடிய தறிக்குழி

காண்டிராக்டர் சபாபதி வலது காலை வைத்த இடத்தில் தரை ஒரு விரல்கடை தாழ்ந்து, மறுபடி மேலே வந்தது. அவன் கட்டிய பூங்கா அது. சிமெண்டில் எவ்வளவு மண்ணைக் கலந்தான் என்பது அவனுக்கே தெரியுமாதலால் முதலில் பயப்படவில்லை.

பிள்ளையார்பாளையத்து முச்சந்தியில் இருந்த அந்தப் பூங்காவில் விடிந்தால் சிலை திறப்பு. மந்திரி வருகிறார். அவர் மனம் குளிர்ந்தால் பாலாற்றுப் பாலம் வேலையும் தனக்குத்தான் என்று சபாபதி நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தான். கல்வெட்டில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சிலை செய்த மங்கையர்க்கரசியின் பெயருக்கு இடம் போதவில்லையாம்.

தறியில் உட்கார்ந்து நெய்யும் பெண் சிலை அது. நெசவாளர் வீட்டில் பிறந்து மெட்ராஸில் சிற்பம் படித்த மங்கையர்க்கரசி, நிஜத் தறிக்குழி தோண்டி, சிலையின் கால்களை அதற்குள் மிதிப்பலகைமேல் வைத்திருந்தாள். சபாபதி குழியில் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிட்டான்.

"பாவு நூல் தறியில இருக்கச்சே குழிய மூடமாட்டாங்க சார்," என்றாள் அவள். "அவ எப்படி எழுந்துப்பா?"

"வெளிய தெரியாத காலுக்கு எதுக்குமா பள்ளம்? எழுந்து டூரிங் டாக்கீஸுக்குப் போவப் போவுதா உன் பொம்மை? ஊட்டுக்குப் போய் சோறு ஆக்கு."

மேஸ்திரி வீரபத்திரனும் ஆட்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் கான்கிரீட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு பஸ் ஏறினாள்.

இப்போது, சிலைமேல் போர்த்திய துணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக வந்திருந்தான் சபாபதி. சாக்கடையில் சாயத் தண்ணீரின் புளித்த நெடி எழ, விளக்கு வைக்கும் நேரமாதலால் தெருவில் ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் ஓய்ந்துகொண்டே வந்து, கடைசி வீட்டிலும் நின்றபின், ஒரே ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டிருப்பது அவன் காதில் விழுந்தது. டக். டக். அது தெருவிலிருந்து வரவில்லை. அவன் செருப்புக்கு அடியிலிருந்து வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் தரை தாழ்ந்தது.

எவனோ குடிகாரன் துணிக்குள் புகுந்துகொண்டு விளையாடுகிறான். அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"எவன்டா அவன்?"

துணியைத் தூக்கி உள்ளே நுழைந்தான்.

தறி இருந்தது. சிலை உட்கார்ந்திருந்த பலகை காலியாக இருந்தது. கான்கிரீட்டில் கால் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள்.

திரும்பி ஓட நினைத்தான். கால் வரவில்லை. முழங்கால்வரை ஜில்லென்றது. அவன் உட்காரவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தான்.

முதுகுக்குப் பின்னால் ஈரச் சிமெண்டு வாசனை. யாரோ துணியை இழுத்து ஓரங்களைச் சரி செய்தார்கள். பிறகு கனமான காலடிகள், அவசரமில்லாமல், தெருப்பக்கம் போயின. கத்த வாயைத் திறந்தான். நாக்கில் மணல் நெறநெறத்தது.

விடிந்தது. பாண்டு வாத்தியம் கேட்டது. துணி விழுந்தது.

"பொம்பள சிலைன்னு சொன்னாங்க?" என்றார் மந்திரி. "பரவால்ல, தத்ரூபமா இருக்குதுபா. மூஞ்சில அந்த பயத்தப் பாரு." குனிந்தார். "காலே வைக்கலியா?"

"வெளிய தெரியாத காலு எதுக்குங்க," என்றான் வீரபத்திரன்.

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கான்கிரீட்டுக்குள், மிதிப்பலகைமேல், சபாபதியின் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன.