பூமியின் எடையில் ஆசீர்

செவ்வாய்க் குடியிருப்பில் பதினெட்டு வயதாகியும் ஏழடியைத் தொடாத பிள்ளையைப் பெற்றோர் கவலையோடு மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். ஈர்ப்பு குறைந்த இடம். எலும்புகள் இஷ்டத்துக்கு நீண்டன. ஆகவே ஆசீரின் ஏழடி நான்கங்குலத்தை அங்கே யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

பூமியின் கூடைப்பந்துக் கழகம் ஒன்றுக்குத்தான் அந்த உயரத்தின் மேல் கண். கூடைக்கடியில் நின்று ஆடும் ஆட்டக்காரனாக அவன் தேறுவானா என்று பார்த்துச் சொல்ல சகாயமேரி வந்திருந்தார். பழைய ஆட்டக்காரர், இரண்டு முழங்கால்களும் செயற்கை.

சோதனை சுழல்கூடத்தில் நடந்தது. அந்தப் பெரிய உருளை சுழலும்போது உள்ளே இருப்பவர்கள் மேல் பூமியின் எடை ஏறும். தன் எடை ஏறக்குறைய மூன்று மடங்கானதைச் சட்டை செய்யாமல் ஆசீர் ஆடினான். பந்து வருவதற்கு முன்பே வரும் இடத்தில் நின்றான். கூடைக்கு வழியில்லையென்றால், பார்க்காமலே பந்தைக் கூட்டாளிக்குத் தள்ளினான். சகாயமேரியால் உட்கார முடியவில்லை. இருபது வருடங்களில் இப்படி ஒருவனை அவர் கண்டதில்லை.

ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் குதித்து இறங்கியவன் அப்படியே மடிந்து சரிந்தான். தரையில் கிடந்தபடி கூச்சத்தோடு சிரித்தான்.

சகாயமேரி ஓடிப்போய் அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "வலிக்குதாப்பா?"

"இல்ல மேடம்."

"பொய் சொல்லாதே. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் ரெண்டு முட்டியையும் தொலைச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "லேசா வலிக்குது. இப்ப விட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்க மேடம்."

மாலைவரை நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு அவர் அறிக்கை எழுதி அனுப்பினார்: 'இரண்டாண்டு எலும்புப் பயிற்சி கொடுத்தால் இவன் பெரிய நட்சத்திரம். இப்போதே அனுப்பினால் ஓர் ஆட்டப் பருவம்கூடத் தாங்க மாட்டான்.'

பூமியிலிருந்து பதில் வர நாற்பது நிமிடம். இருவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்தார்கள்.

கழகத் தலைவரின் குரல் உற்சாகமாக வந்தது. "இனிமே என்ன நட்சத்திரம் ஆகறது? சோதனையை நேரலையா விட்டிருந்தோமே! பையன் விழுந்ததை மட்டும் முப்பது கோடிப் பேர் பார்த்தாச்சு. அடுத்த கப்பல்லயே ஏத்தி விடுங்க."

ஆசீர் துள்ளி எழுந்தான். "எந்த மேட்ச்லேருந்து ஆடணும்? கேளுங்க மேடம்."

கேட்டார். இன்னொரு நாற்பது நிமிடம். அவன் உட்காரவே இல்லை.

"ஆட்டமா? அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எதுக்கு ரிஸ்க்? இடைவேளைல வந்து ஒரு தடவை விழுந்துட்டுப் போனாப் போதும். சிரிக்க மட்டும் மறந்துட வேண்டாம்னு சொல்லுங்க."