கரையேறியவர்

ஏரியிலிருந்து கரையேறிய தமோத்சுவின் உடம்பில் நடுக்கமே இல்லை.

அதுதான் கினுயோவின் கண்ணில் முதலில் பட்டது. அக்டோபர் முடிகிற நேரம். மலையுச்சியில் முந்தின நாளே பனி விழுந்திருந்தது. அவருக்கு முன்னால் இறங்கிய இருவரும் முழுகுவதற்கு முன்பே உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிப்போய், பூசாரி நீட்டிய கையைக்கூடப் பிடிக்க முடியாமல் தள்ளாடினார்கள். அவள் கணவரோ இளவெயிலில் உலாவப் போனவர் மாதிரி வந்தார். நனைந்த வெள்ளை அங்கி உடம்போடு ஒட்டியிருக்க, தாடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, கூழாங்கற்களின் மேல் சீராக அடிவைத்து வந்து, அவள் விரித்துப் பிடித்திருந்த துண்டுக்குள் புகுந்துகொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

பிப்ரவரிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததில்லை. நடுக்கம் இல்லாததை அந்தச் சிரிப்பில் மறந்துபோனாள்.

தமோத்சு கடலோர ஊர் ஒன்றில் சாலைப் பனியை அள்ளும் வண்டி ஓட்டியவர். பள்ளிக்காலத்திலிருந்து கூடவே திரிந்த ஷிங்கோதான் வண்டியில் அவருக்குத் துணை. பிப்ரவரியில் ஒரு காலை, நீட்டிய கை தெரியாத பனிப்புயலில், முன்தகட்டில் மாட்டிக்கொண்ட எதையோ எடுத்துவிட ஷிங்கோ கீழே இறங்கினார். அவர் ஏறிவிட்டார் என்று நினைத்துத் தமோத்சு வண்டியை நகர்த்தினார். விசாரித்தவர்கள் அவர்மேல் தவறில்லை என்றார்கள். ஷிங்கோவின் மனைவியும் வீடு தேடி வந்து அதையே சொல்லி, தலை வணங்கிவிட்டுப் போனாள். ஆனால் தமோத்சு அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைத்தால் அதிலிருந்து எழும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்து ஆறவிட்டுவிடுவார். தூக்கத்தில் அழுவார். கினுயோ வேலை பார்க்கிற சலவைக் கடைக்கு வரும் ஒருத்தி, ஓதோனாஷி ஏரியில் முழுகிவிட்டு வந்த தன் அண்ணன் புது ஆளாகிவிட்டதாகச் சொன்னபோது, கினுயோ வேறெதையும் யோசிக்கவில்லை. விடுப்பு சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

என்றோ வெடித்து உள்வாங்கிய மலையின் வாய்க்குள் கிடந்தது அந்த ஏரி. ஆறு எதுவும் அதில் வந்து சேர்வதில்லை, அதிலிருந்து வெளியேறுவதுமில்லை. தண்ணீரில் கந்தகம் ஊறியிருந்ததால் மீனில்லை, பாசியில்லை, கரையில் நாணல்கூட இல்லை. அழுகிய முட்டையின் வாடையும் ஈரச் சாம்பலின் வாடையும் கலந்து தொண்டையில் படிந்தன. காற்று நின்றுவிட்டால் மலை எங்கே முடிகிறது, நீரில் அதன் பிம்பம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

பூசாரி அதிகம் பேசவில்லை. எதை இறக்கி வைக்க வேண்டுமோ அதைத் தண்ணீருக்குள் நின்று மனதில் சொல்லிவிட்டு முழுகுங்கள், ஏரி வாங்கிக்கொள்ளும் என்றார். தமோத்சு கழுத்தளவு நீரில் வெகுநேரம் நின்றார். பிறகு தலை உள்ளே போயிற்று. அவர் முழுகிய இடத்தில் ஒரு வளையம்கூட எழவில்லை. தண்ணீர் அவர்மேல் மூடிக்கொண்ட விதம் கதவு சாத்தியது போலிருந்தது. கினுயோ தண்ணீர் விளிம்பு வரை போனாள். அவள் வாய் திறந்து கூப்பிடப் போன நேரத்தில் அவர் எழுந்தார். முழுகிய இடத்தில் இல்லை, அதற்குச் சற்றுத் தள்ளி.

துவட்டிவிடும்போதுதான் அங்கியைக் கவனித்தாள். காலையில் அவளே கட்டிவிட்டது. இடப்பக்கத்து மடிப்பு மேலே வரும்படி, எல்லோருக்கும் கட்டுவது போல. இப்போது வலப்பக்கம் மேலே இருந்தது. செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். தண்ணீரில் அவிழ்ந்திருக்கும், இவரே தடவித் தடவிக் கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்து, சட்டென்று அதை மாற்றிக் கட்டிவிட்டாள்.

விடுதியில் மதியச் சாப்பாட்டுக்கு அவர் இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டார். காளான் சாற்றைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, "நீ எளச்சுட்ட கினுயோ. என்னோட சேந்து நீயும் பட்டினி கெடந்தியா?" என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். எத்தனை மாதம் கழித்து அவர் வாயில் தன் பெயர். திரும்பிப் பார்த்தபோது அவர் இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குச்சிகள் தடுமாறவில்லை. பிறந்ததிலிருந்து இடக்கைக்காரர் போல, ஒரு பருக்கை சிந்தாமல்.

கை வலிக்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. நல்ல நேரத்தைக் கேள்வி கேட்டுக் கலைக்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, "ஊருக்குப் போனதும் ஷிங்கோ வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரலாங்க. அவங்க சம்சாரம் உங்கள விசாரிச்சுட்டே இருக்காங்க" என்றாள்.

"ஷிங்கோவா?" அவர் கொஞ்சம் யோசித்தார். எப்போதோ பார்த்த தெருவின் பெயரை நினைவுபடுத்திக்கொள்வது போலிருந்தது. பிறகு முகம் மலர்ந்தது. "ஆமா. அவன் சக்கரத்துக்கடியில போனப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாரு..."

தட்டிலிருந்து ஊறவைத்த முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்து, அவள் கண்ணைப் பார்த்தபடியே, பின்பற்களுக்கிடையில் வைத்துக் கடித்தார்.

"இதே சத்தந்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

கினுயோ எப்படி எழுந்தாள், எப்படி நடைவழியைக் கடந்தாள் என்று தெரியவில்லை. கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, குனிந்து, தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு தேறுகிற விதத்தில் இதுவும் ஒன்றாயிருக்கும். இத்தனை மாதம் அடைத்துக் கிடந்தது இப்படிக் கோணலாக வெளியே வருகிறது. அப்படித்தான் இருக்கும். பின்னால் பாய்விரிப்பில் காலடி கேட்டது. கந்தக வாடை அடித்தது. அவர் வந்து பக்கத்தில் நின்று, "என்ன ஆச்சு?" என்று பரிவோடு கேட்டார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

பல வருடங்களுக்கு முன் வண்டிச் சங்கிலி அறுந்து அடித்ததில் அவருக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. மருத்துவமனை வரை இரத்தம் வழியாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனவள் அவள்தான். வலப் புருவம். அவள் விரல்களுக்குத் தெரியும். இப்போது தழும்பு இடப் புருவத்தில் இருந்தது.

பார்வையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். எதிரே பார்த்தால் மாறித் தெரிந்த அந்த முகம், கண்ணாடிக்குள் மட்டும், இத்தனை வருடமும் அவள் பார்த்துப் பழகிய முகமாக இருந்தது. தழும்பு அதனிடத்தில். தலை வகிடு அதனிடத்தில். கண்ணாடிக்குள் இருந்த தமோத்சு அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அதற்கு மேல் அவளால் 'அவர்' என்று நினைக்க முடியவில்லை.

களைப்பாயிருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று அந்த ஆள் அறைக்குப் போனதும், கினுயோ அடுக்களைக்குப் போய் விடுதிக்காரி தோகியைப் பிடித்தாள். அறுபது வயதிருக்கும் தோகிக்கு. வாணலியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. கினுயோ கோர்வையில்லாமல் சொன்னாள்: கை, தழும்பு, முள்ளங்கி. சொல்லச் சொல்ல அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தோகி ஆச்சரியப்படவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"நல்லா சாப்பிட்டாருல்ல? நல்லா பேசுறாருல்ல?" என்றாள். "சாயங்காலம் பஸ் இருக்கும்மா. கூட்டிட்டுப் போயிருங்க. இங்கேருந்து போனவங்க யாரும் கொறை சொல்லிட்டுத் திரும்பி வந்ததில்ல."

"நீங்க முழுகியிருக்கீங்களா?"

"வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து கால்கூட நனைச்சதில்ல."

அதைச் சொல்லும்போது தோகி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்களையில் ஏரியை நோக்கியிருந்த ஒரே ஜன்னலில் உள்பக்கமாகத் தடித்த தாள் ஒட்டியிருந்தது. பழைய தாள், அதன் மேல் புதுத் தாள். கினுயோ அதைப் பார்ப்பதைக் கண்டதும் தோகி தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஏரிப் பக்கம் மட்டும் போயிராதீங்க. பாத்துட்டா விட்டுட்டு வர மனசு வராது."

பாத்துட்டா. எதை?

கினுயோ செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

விடுதிக்கும் ஏரிக்கும் நடுவே தேவதாரு மரங்கள் அடர்ந்த ஒற்றையடிப் பாதை. மழை வரப்போகிற பிற்பகலின் வெளிச்சம், வடிகட்டியது போல மங்கலாக, மரங்களுக்கிடையே தேங்கி நின்றது. இறங்க இறங்க மூடுபனி கூடியது. முதலில் கணுக்காலில், பிறகு இடுப்பில், பிறகு கண்ணிமையில் ஈரமாக. காகம் ஒன்று கத்திக்கொண்டே வந்தது. ஏரிக்கரை நெருங்கியதும் அதுவும் நின்றுபோயிற்று. அவள் செருப்புக்கடியில் கூழாங்கல் நெரிபடும் சத்தம் மட்டும். அதுவும் அவளுடையது இல்லை என்பது போல எங்கோ தள்ளிக் கேட்டது.

கரையில் யாருமில்லை. பூசாரி போயிருந்தார். கோயிலுக்கு அடையாளமாகத் தண்ணீருக்குள் நின்ற சிவப்பு மரவாசலின் மேல்கட்டை மட்டும் பனிக்கு வெளியே மிதந்தது.

காற்று ஒருமுறை அசைந்தது. பனி விலகியது.

தண்ணீரில் தலைகள்.

கல் என்றுதான் முதலில் நினைத்தாள். கறுப்புக் கற்கள், காலையில் கண்ணில் படாதவை. கற்களுக்கு ஈர மயிர் இருந்தது. கழுத்தளவு நீரில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கரையைப் பார்த்தபடி. ஆண்கள், பெண்கள். பழைய காலத்துக் கொண்டை போட்ட ஒரு தலை. பனி விலக விலக இன்னும் பின்னால், இன்னும் பின்னால், எதிர்க்கரை மலை வரைக்கும். ஒரு முகத்திலும் கோபமில்லை. அழுது அழுது ஓய்ந்த முகங்கள்.

காலையில் முழுகிய மற்ற இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு இப்பால், கரைக்கு மிக அருகே, தமோத்சு.

அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். தாடை வெட்டி வெட்டி இழுத்தது. வலப் புருவத்துத் தழும்பு நீலமாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மேல்பல் கீழுதட்டில் பட்டு, வாய் திறந்தது. மறுபடி பட்டு, திறந்தது.

வா.

வா.

"இதோ வரேங்க" என்றாள் கினுயோ. கோட்டைக் கழற்றிக் கற்களின் மேல் போட்டாள். செருப்பை உதறினாள். தண்ணீர் காலைக் கடித்தது. முழங்கால். இடுப்பு. அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நடுக்கம் என்று நினைத்தாள். நெஞ்சு. கையை நீட்டினாள். அவருடைய விரல்கள் கிடைத்தன. அவருடையவைதான். அவரே. பிடித்து இழுத்தாள். அவர் வரவில்லை. தண்ணீருக்கடியில் எத்தனையோ கைகள் அவரைப் பற்றியிருந்தன. பயத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறவர்களின் பிடி. அவள் இன்னும் ஓரடி வைத்தாள். கால் வைக்கத் தரையில்லை.

நீர் தலைக்கு மேல் மூடியது.

இருட்டு. கந்தகம். பக்கத்தில் யாரோ அவளை உரசிக்கொண்டு மேலே போனார்கள்.

எழுந்தாள். மூச்சை இழுத்தாள். தமோத்சுவின் கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது. இப்போது அவர் குரல் கேட்டது, காதுக்குப் பக்கத்தில், பல் அடித்துக்கொள்ள.

"வராத, வராதேன்னுதானே கினுயோ சொன்னேன்."

கரையில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். நனைந்த தலைமயிரை முறுக்கிப் பிழிந்தாள். குனிந்து கற்களின் மேல் கிடந்த கோட்டை எடுத்து உதறி, இடக்கையை முதலில் நுழைத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நடுக்கமில்லை. மரங்களுக்கடியிலிருந்து அந்த ஆள் துண்டோடு வந்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினான். ஏதோ சொன்னான். அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். மலைப்பாதையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது; இருவரும் நடையை எட்டிப் போட்டார்கள்.

கினுயோ கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். பனி அப்படியே நின்றது. மேலே ஏறிப்போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

அவளைச் சுற்றித் தண்ணீர் மெல்ல அலம்பியது. முன்வரிசையில் நின்றவர்கள், கூட்டமான ரயிலில் புதிதாக ஏறியவருக்குச் செய்வது போல, தோளை ஒடுக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டார்கள்.