ஈரத் தட்டு

விடிந்ததுமே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். "பெத்தவ வாயைக் கட்டியிருந்தா பொண்ணு இப்படி ஊதியிருப்பாளா? அவளைச் சுமந்தப்ப ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டவதானே நீ."

பதினைந்து வருஷமாகக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு. நாத்தனார், அம்மாவுடைய கணவனின் அக்கா. கட்டியவனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு இந்த வீட்டுக்கு வந்தவள். அவள் மனம் நோகக்கூடாது என்று அம்மா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. மகள் தலையைக் குனிந்தபடி, சாப்பிட்டாயிற்று என்று முணுமுணுத்துவிட்டு, பஸ் டிக்கெட் கவுண்டர் வேலைக்குக் கிளம்பினாள்.

அவளுடைய தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஈரம் சொட்டியது. அம்மா சட்டியைத் திறந்து பார்த்தாள். சோறு அள்ளிய தடமே இல்லை. வெறும் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் அந்த வித்தை அம்மாவுடையது. இருபது வருஷம் கழித்து மகள் கைக்கு அது எப்படி வந்தது?

மதியத்துக்குள் போன் வந்தது. கவுண்டரிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் மகள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பல நாளாகப் பட்டினி கிடந்திருக்கிறாள் என்றார் டாக்டரம்மா. பிறந்தபோது எடை எவ்வளவு என்று கேட்டார். ரொம்பக் குறைச்சல் என்றாள் அம்மா. கர்ப்பத்தில் நன்றாகச் சாப்பிட்டீர்களா என்றதும் கூட வந்திருந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். "வேளாவேளைக்குச் சாப்பிட்டா. கழுவி வெச்ச தட்டை நான் தினமும் பார்ப்பேனே!"

அம்மா மகளைப் பார்த்தாள். இனியும் மறைத்தால் இவளை இழந்துவிடுவோம் என்று பயந்தாள்.

"தட்டுல ஈரம் மட்டும்தான் அண்ணி இருந்துச்சு. அவரு வேலை பார்த்த மில்லு மூடின வருஷம் அது. உங்க பசங்க பசியில அழுதாங்க. என் பங்கை அவங்களுக்குப் போட்டுட்டு வெறும் தட்டைக் கழுவி வெச்சேன். தெரிஞ்சா நீங்க வீட்டை விட்டே போயிருப்பீங்க…"

"என் பசங்களுக்கா?" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மரபணு மாறுவதில்லை, எது வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று அதன்மேல் பதியும் அடையாளங்கள்தான் மாறுகின்றன. வயிற்றிலேயே பட்டினி பார்த்த பிள்ளையின் உடம்பு, கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைக்கப் பழகிவிடலாம். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதைப் பெருந்தீனி என்று ஏசுவது பாவம். பட்டினி போட்டால் இன்னும் கெடும். அளவாகச் சாப்பிட்டே சரிசெய்ய வேண்டும்.

அம்மாமேல் இருந்த பழி அன்று தீர்ந்தது. ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது. "அப்ப நான்தான் உன்னை இப்படிப் பண்ணிட்டேனா கண்ணு?"

மகள் அவள் கையை இறுக்கிக்கொண்டாள். "இல்லம்மா. நான் இளைச்சா உன்னை யாரும் பேசமாட்டாங்கன்னுதான் நானும் சாப்பிடல."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீடு திரும்பியதும் நாத்தனார் காலையில் கவிழ்த்திருந்த அந்தத் தட்டை எடுத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். சோற்றைப் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தாள். மகளுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"உன் வாயில இருந்ததைப் பிடுங்கி என் பிள்ளைங்களை வளர்த்திருக்கேன். அது தெரியாம உன்னையே ஏசியிருக்கேன்." தட்டை இன்னும் கிட்டே தள்ளினாள். "சாப்பிடு. இனிமே இந்த வீட்டுல உன் தட்டை நான்தான் கழுவுவேன்."

முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அம்மா நிமிர்ந்தாள். மகள் சாப்பிடுகிறாளா என்று பார்த்தாள். மகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக அம்மா விழுங்கினாள்.