முந்திக் கூப்பிடும் மக்காச்சோளம்

பங்குனி பிறந்ததும் கோசலையின் மக்காச்சோளம் கூப்பிடத் தொடங்கிவிட்டது. வரப்பிலிருந்த வாசமானி மின்னியது. குளவிப்பெட்டி தானாகத் திறந்தது. ஊரில் வேறு யாருடைய சோளக்கொல்லையும் இன்னும் வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, இந்த வருசமும் நாமதான் முதல்ல!" என்றாள் கணவன் மாசிலாமணியிடம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

படைப்புழு கடித்தால் சோளப்பயிர் குளவிகளைக் கூப்பிட ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்கு எட்டாத அதை வாசமானி பிடித்துப் பெட்டியைத் திறக்கும். கடுகளவுக் குளவிகள் வாசனையின் வழியே போய்ப் புழுவுக்குள் முட்டையிட்டுவிடும். புழுவின் கதை அத்தோடு முடிந்தது. மருந்துத் தெளிப்பான்கள் பரணுக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிறது.

கோசலை இன்னும் ஒருபடி மேலே போனாள். அறுவடைதோறும், முதலில் கூப்பிட்ட செடிகளின் கதிர்களை மட்டும் விதைக்கு எடுத்தாள். இன்று மாவட்டம் முழுக்க அவளுடைய போன வருச விதைதான்; புது விதை முதலில் அவள் கொல்லைக்குத்தான். 'கோசலை முந்தி' என்று பெயரே விழுந்துவிட்டது. அவள் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் சில நாட்களில் பெட்டி திறந்தும் குளவிகள் நகராமல் உட்கார்ந்திருந்தன. "நோஞ்சான் குளவியா அனுப்பிட்டாங்க" என்று குளவி அனுப்பும் ஆய்வகத்தோடு கோசலை சண்டைக்குப் போக, அங்கிருந்து பூச்சி ஆய்வாளர் தாஜுன்னிசா நேரில் வந்தார். செடி செடியாகக் குருத்தை விரித்துப் பார்த்தார்.

"புழு எங்கக்கா?"

"அதான் கூப்பிடுதே, மேடம்!"

"கூப்பிடுது. ஆனா ஒரு கடிகூட இல்ல. முதல்ல கூப்பிட்ட செடி கடிபட்டுதான் கூப்பிட்டுச்சான்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

கோசலை பார்த்ததே இல்லை. வாசமானி இருக்கும்போது செடியை யார் பார்த்தார்கள்?

"கடிபடாமலே கூப்பிடுற செடியா பாத்துப் பாத்து வளத்துட்டீங்க. குளவியும் எத்தன தடவதான் ஏமாறும்? இப்ப அந்த வாசனைய அது சட்டையே பண்ணல."

அந்த வாரமே காற்றோடு படைப்புழுவின் அந்துப்பூச்சிகள் வந்திறங்கி முட்டையிட்டன. முட்டை பொரிந்ததும் கொல்லை முழுக்கக் கூப்பிட்டது. குளவிகள் அசையவில்லை. கையால் பொறுக்கினால்தான் பயிர் மிஞ்சும் என்று தாஜுன்னிசா சொல்லிவிட்டார். ஊரே கொல்லையில் இறங்கியது. கோசலை எல்லோருக்கும் முன்னால் போனாள். தன் பெயர் கொண்ட பயிரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. குருத்தில் விரல் விட்டுப் பழுப்பு நிறத்தில் நெளிந்த எதையோ எடுத்தாள். கொஞ்சம் அருவருப்பும் நிறைய வெட்கமுமாக ஆய்வாளரிடம் நீட்டினாள்.

"மேடம், புழுன்னு சொல்றது இதுதானா?"