சுவருக்குள்ளிருந்து வந்த பதில்

வாலுவுக்கு அன்று பள்ளி விடுமுறை. அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். ஊர்கள், மக்கள், மொழிகள், பழைய வழிபாடுகள் என்று உலகத்தில் உள்ளவற்றைப் பற்றிச் சின்னச் சின்னக் குறிப்புகளாக அட்டையில் எழுதுவதுதான் அம்மாவின் வேலை. சாயங்காலம் எல்லாம் அச்சுக்குப் போக வேண்டும்.

அம்மா மாடிக்குப் போனதும் அறையில் வாலு மட்டும். மின்விசிறிகூட ஓடவில்லை. மேசையில் இருந்த ஓர் அட்டையை எடுத்துப் படித்தாள்.

‘மலையடிவாரத்து மக்களின் மொழி. இன்று பேசுபவர் எவரும் இல்லை. எஞ்சிய சொற்கள்: இலூ – தண்ணீர். கென் – யார்? ஓமா தெய் – நான் இங்கே இருக்கிறேன்.’

யாருமே பேசாத மொழியா? ஒரு தடவை சொல்லிப் பார்க்க நாக்கு துறுதுறுத்தது.

“கென்?” என்றாள் சத்தமாக.

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“ஓமா... தெய்...”

வாலுவின் உடம்பு சில்லிட்டது. கதவை நோக்கி ஓடினாள்.

“கென்? கென்?” குரல் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை அது நடுங்கியது.

‘அடடா, இது என்னைவிடப் பயப்படுதே!’

சுவரில் காதை வைத்து நகர்ந்தாள். மூலையில் கை கழுவும் தொட்டி. அதன் ஓட்டைக்குள்ளிருந்துதான் குரல் வந்தது. குழாய் கீழ்த்தளத்துக்குப் போகிறது. ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

இருட்டில் ஒரு டார்ச் விளக்கு. சுவரோடு ஒட்டிக்கொண்டு குழாய் ரிப்பேர்காரர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“மாமா, நீங்களா பேசினீங்க?”

“நீயா கூப்பிட்டே? எங்கம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு கண்ணு. அவங்கதான் குழாய்க்குள்ளேருந்து கூப்பிடறாங்கன்னு நினைச்சுட்டேன்!”

வாலு அவரைக் கையோடு அம்மாவிடம் கூட்டிப் போய் நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் கண்கள் விரிந்தன.

“இந்த மொழி உங்க வீட்டு மொழியா? வேற யாருக்குத் தெரியும்?”

“என் தங்கச்சிக்கு மட்டும்தான்மா. ஆனா நாங்க பேசிக்கறதில்லை. அம்மாவோட பீரோ யாருக்குன்னு சண்டை. ஆறு வருஷமா முகத்தைக்கூடப் பார்க்கலை.”

வாலு அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அப்ப இதுல எழுதினது சரிதானே மாமா? நீங்க ரெண்டு பேரும் பேசலைன்னா, யாருமே பேசலைன்னுதானே அர்த்தம்?”

அவர் கையிலிருந்த ஸ்பானரையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டார். மணி அடித்தது. தங்கள் வீட்டு மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார்.



மடை திறந்ததுபோல் அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கொட்டத் தொடங்கியது. அறை முழுக்கக் கேட்டது. குழாய்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“என்ன மாமா சொல்றாங்க?”

“திட்டறா கண்ணு. ஆறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டறா!”

அம்மா அவசரமாகப் புது அட்டையையும் பேனாவையும் தேடினாள்.

“கொஞ்சம் மெதுவாத் திட்டச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்!”