வேகாத ரப்பர்

“அய்யோ...! சூப்பர்வைசரைப் பாருங்க... ஓடி வாங்க!”

அலறல் ட்யூப் அறையிலிருந்து!

ஹாட்யாய் நகரத்து ரப்பர் பேண்ட் தொழிற்சாலையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

லமாய் ஓடினாள். ஐம்பத்து நான்கு வயது. பேண்டுகளை இழுத்துச் சோதிப்பது வேலை. புருஷன் போய்ப் பதினோரு வருஷம். வீட்டில் அவளோடு பேச டி.வி. மட்டும்.

தரையில் சூப்பர்வைசர் தனோம். மண்டை பிளந்து... ரத்தம்! அருகில் ஓர் இரும்புக் கம்பி. கையில் மஞ்சள் ரப்பர் ட்யூப்.

அலறியவன் பிரபான். ட்யூப்களை நீராவியில் வேகவைக்கிறவன். அங்கே லமாயை ‘அக்கா’ என்று கூப்பிட்ட ஒரே ஜீவன்.

இன்ஸ்பெக்டர் வினிச் வந்தார்.

“என்னய்யா நடந்தது?”

“கம்பியில ட்யூபை மாட்டினாரு சார்... விறைப்பா இழுத்தாரு... கம்பி நழுவிடுச்சு. ட்யூப் சுண்டித் திரும்பி... கம்பியோட மண்டையில...!”

“ஓ... விபத்து!”

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

லமாய் குனிந்து தனோமின் கையிலிருந்த ட்யூபை உற்றுப் பார்த்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். பேசினால் ‘அக்கா’ போய்விடும்.

தனோமின் திறந்த கண்கள் அவளையே பார்த்தன.

“சார்...”

“என்னம்மா?”

ட்யூப் பிழியும் மெஷினின் வாயில் தொங்கிய ட்யூபை நீட்டினாள்.

“இதை இழுத்து விடுங்க.”

இழுத்தார். பாகு போல் நீண்டது. விட்டார்.

நீண்டபடியே தொங்கியது!

“அவர் கையில இருக்கறதும் இதேதான் சார். கந்தகம் கலந்தாச்சு, ஆனா இன்னும் வேகல. நீராவியில வெந்தாதான் சுண்டித் திரும்பும். இது... திரும்பியே வராது.”

வினிச் மெல்லத் திரும்பினார்.

“அப்ப அடிச்சது யாருடா?”

பிரபான் லமாயைப் பார்த்தான்.

“ரப்பர் விஷயம் போலீஸுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்... சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்க்கா.”

“ஏன்டா... ஏன்டா செஞ்சே?”

“உங்க இடத்துக்கு மெஷின் வருதாம். நாளையிலேர்ந்து கிழவி வேணாம்னு இந்தத் தனோம் சிரிச்சான். வீட்டுல தனியா என்னக்கா பண்ணுவீங்க? கம்பி கையில இருந்துச்சு...!”



“அடப்பாவி... எனக்காகவா?”

போலீஸ்காரர்கள் அவனுக்கு விலங்கு மாட்டினார்கள். ஜீப்பில் ஏறும்போதும் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“பிரமாதம்மா!” என்றார் வினிச். “பேசாம போலீஸ்ல சேர்ந்துடுங்க!”

லமாய் கண்ணைத் துடைத்தாள்.

“ஸ்டேஷன்ல பேச்சுத்துணைக்கு ஆள் இருக்குமா சார்?”

“லாக்கப்புல எப்பவும் நாலு பேர் இருப்பாங்க!”

“அப்ப சரி... அவங்களாவது பாதிப் பேச்சுல எழுந்து போக முடியாது!”