நகர்த்தி வைத்த கிணறு

அர்த்தநாரி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். காலையில் கம்ப்யூட்டர் திரையில் அவன் வைத்த கிணற்றுப் புள்ளி அந்த இடத்தில் இல்லை. தாராபுரம் ரோட்டோரமாகக் கொஞ்சம் தெற்கே இறங்கியிருந்தது.

கீழே நிட்டிங் மிஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே பஞ்சுத் தூசும், சாயப்பட்டறையின் புளித்த நெடியும், வெயிலில் காயும் ஈரத்துணியின் வாசமும் கலந்து வந்து மேஜைமேல் படிந்தன. அவன் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய சர்வே வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையாக இருக்கும் இடங்களை மீட்டர் கணக்குக்கு மாற்றிப் புது மேப்பில் ஏற்ற வேண்டும். லைப்ரரி என்று ஃப்ளாப்பியில் வந்த சின்ன புரோகிராம் தொகுப்பு ஒன்று அதைச் செய்துவிடும். பூமி உருண்டையின் அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது பழைய கணக்கா, புதுக் கணக்கா என்பதை மட்டும் அதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் இடம் ஒரு வயல் தள்ளிப்போய் நிற்கும்.

இது நன்றாகத் தெரிந்துதான் போன வருஷம் அந்தக் காரியத்தைச் செய்தான் மனுஷன். சாயக்கழிவு வாய்க்கால் பக்கத்துக் காட்டுக்காரி மருதாளின் குடிதண்ணீர்க் கிணற்றை ஒட்டிப் போனால் அனுமதி கிடைக்காது. "கெணத்த மட்டும் கொஞ்சம் வடக்கால தள்ளி வெச்சுருங்க அர்த்தநாரி," என்றார் முதலாளி சாமியப்பன், டீயை உறிஞ்சிக்கொண்டே. மற்ற புள்ளிகளுக்கெல்லாம் பழைய கணக்கு; கிணற்றுக்கு மட்டும் புதுக் கணக்கு. மேப்பில் கிணறு நகர்ந்தது. மண்ணில் நகருமா? வாய்க்கால் அதன் பக்கத்திலேயே ஓடியது. அந்தத் தண்ணீரைக் குடித்து மருதாளின் ஒரே மகள் செத்துப்போனாள்.

மருதாள் இந்த மாடிக்கே வந்து நின்றாள். அழவில்லை. "எங்கெணத்த நகத்துனீங்களல்லங்க சாமி? அது உங்களத் தேடி வருமுங்க," என்றாள். அன்றைக்கே அந்தக் கிணற்றில் விழுந்து உயிரை விட்டாள். அவனோ, பாவி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.

இப்போது அதே கிணற்றின் எண்களை மறுபடி தட்டினான். பழைய கணக்கைக் கொடுத்துப் பார்த்தான். புள்ளி தெற்கே போனது. புதுக் கணக்கைக் கொடுத்தான். இன்னும் தெற்கே. மேப்பில் அவிநாசிபாளையம் வந்தது. அவன் ஊர். அவன் தெரு. லைப்ரரியையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான்.

புள்ளி அவன் வீட்டுக்குள் நின்றது.

வீட்டில் மனைவி வள்ளியாத்தாளும் ஆறு வயது மகளும் மட்டும்தான். போனைச் சுழற்றினான்.

"வள்ளி, பாப்பா எங்க?"

"ஏனுங்க, சீக்கரம் வாங்க. நடு ஊட்டுல தரையெல்லாம் தண்ணி ஊறுதுங்க. யாரோ ஒரு அம்மா வந்து பாப்பாகிட்ட பேசிட்டு..."

அப்புறம் அவள் குரல் இல்லை. ராட்டினம் கிறீச்சிடும் சத்தம். குடம் ஒன்று ஆழத்தில் போய் விழும் சத்தம்.

மொபெட்டை முறுக்கிக்கொண்டு பறந்தான். ரோடெல்லாம் சாயங்கால வெயில். டீக்கடையில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயோ, என் பாப்பா, என் பாப்பா என்று வாய்விட்டு அரற்றினான். ராட்டினச் சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. சாய நெடி. உள்ளே ஒரே இருட்டு.

நடு வீட்டில் தரை இல்லை.

கிணறு.

சுவரோடு ஒட்டி நின்றாள் வள்ளியாத்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கிணற்று விளிம்பில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். கையில் சொம்பு. மடக் மடக்கென்று குடித்தாள். மோவாயிலிருந்து நீலமாக வழிந்தது.

"குடிக்காத கண்ணு!"

ஓடப் பார்த்தான். கால் அசையவில்லை.

"என்னை எடுத்துக்க மருதா! எம் பிள்ளைய விட்டுரு!"

ஆழத்திலிருந்து பதில் வந்தது. மெதுவாக. மரியாதையாக.

"நீங்க வேண்டாங்க சாமி. நீங்க இருந்து பாருங்க."

விளிம்புக்கு மேலே ஒரு கை எழுந்தது. ஊறிப்போன, தோல் உரிந்த கை. அதில் தளும்பத் தளும்ப இன்னொரு சொம்பு. பாப்பா சிரித்தபடி இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.